ஊற்றிய கை

எங்கள் துறைத்தலைவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் முதல்பேர். யார் எந்த ஆராய்ச்சியைச் செய்தாலும், எந்தப் பிள்ளை எந்த வெயிலில் எந்தக் கடை வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தாலும், கட்டுரை அச்சாகி வரும்போது முதலில் இருப்பது அவர் பெயர். செய்தவர் பெயர் இரண்டாவதாக இருக்கும், அதுவும் அவருக்கு மனசிருந்தால். "அவர் வீட்டு நாய் குட்டி போட்டாக்கூட முதல் பேர் இவருதுதான்" என்று நூலகத்துக்காரி சொல்வாள். சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்வாள், அவளுக்கும் சம்பளம் வேண்டுமே.

நான் அந்த மார்க்கெட்டிங் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து அங்கேயே நரைத்தவள். பல்கலைக்கழகக் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு ஃபிளாஸ்க் மேடம் வீடு. இரண்டு கதவும் திறந்திருந்தால் ஒரே வீடு, மூடினால் இரண்டு வீடு. அலுவலகத்தில்தான் அவள் மேடம். வீட்டில் நான் அக்கா, அவள் அவள்தான். ஆகையால் நான் சொல்வதில் கண்டதும் உண்டு, கேட்டதும் உண்டு. எனக்கு முதல்பேர்மேல் கோபமும் உண்டு, அதை ஒளிக்கப்போவதில்லை. நடுநிலையாகக் கதை கேட்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபிளாஸ்க் மேடம் என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் அவள் இரண்டு ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தாள். ஒன்று கழுத்தில் நசுங்கிய பழைய எவர்சில்வர். இன்னொன்று பளபளவென்று தங்கக் கோடு போட்டது, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அது. இரண்டிலும் ஒரே பாத்திரத்துக் காபி. பஸ் நிலையம், ஆஸ்பத்திரித் தாழ்வாரம், ரயில் டிக்கெட் வரிசை என்று போய், "இந்த ரெண்டுல எது நல்லாருக்கு, குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பாள். பெரும்பாலானவர்கள் தங்கக் கோட்டைத்தான் காட்டுவார்கள். "இதுதாம்மா காபி, அது கழுவின தண்ணி" என்று சத்தியம் செய்தவர்கள்கூட உண்டு. பண்டத்தைவிடப் பாத்திரம் ருசிக்கிறது என்பது ஆராய்ச்சியின் சாரம்.

காபி போட்டுக் கொடுத்தது அவள் வீட்டுக்காரர். பல் கட்டுவது அவர் தொழில். வீட்டுப் பக்கத்து அறையில் மேஜை போட்டு, பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, மெழுகில் ஈறு பிடித்து, வரிசை வரிசையாகப் பல் செட்டு செய்து டாக்டர்களுக்கு அனுப்புவார். விரல் நகத்தில் எப்போதும் வெள்ளை மாவு இருக்கும். முகத்தில் எதுவுமே இருக்காது. சிரித்தாலும் அதே முகம், சாவுக்குப் போனாலும் அதே முகம். கல்யாணமான புதிதில், சமைத்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் அவள் அழுதிருக்கிறாள். அவருக்குச் சுவர் என்று பெயர் வைத்தது அவள்தான்.

அவர் விடியலில் எழுந்து டிகாஷன் இறக்கி, பாலைச் சுண்டவிடாமல் காய்ச்சி, ஃபிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து, ஒரே சூட்டில் இரண்டையும் நிரப்புவார். ஒன்றில் ஆவி போய் ஒன்றில் போகாமல் இருந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். மூன்று வருஷம் இப்படிப் போனது. அப்புறம் அவள் உண்டானாள். காபி வாசனை பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நான் டம்ளரோடு நின்றால்கூட, "அக்கா, தள்ளிப் போங்களேன்" என்று மூக்கைப் பொத்துவாள். வேறு வழியில்லாமல் சுவரே பல் வேலையை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் ஊற்றிய நாள்களில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ரெண்டும் ஒண்ணுதானேப்பா."

அவள் அவரைப் பிடித்துத் திட்டினாள். சூடு மாறியிருக்கும், கேள்வியை மாற்றிக் கேட்டிருப்பீர்கள், எதையாவது உளறியிருப்பீர்கள் என்று. கடைசியில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் இரண்டு ஃபிளாஸ்க்கிலிருந்தும் ஒரே மாதிரி, மாவு கரைத்து ஊற்றுவதுபோல ஊற்றினார். கொடுத்தார். காத்திருந்தார். அப்போதுதான் அவளுக்குத் தன் கை நினைவுக்கு வந்தது. தங்கக் கோட்டிலிருந்து ஊற்றும்போது அவள் இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் குனிந்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்து, "எப்படி?" என்று முகத்தைப் பார்ப்பாள். நசுங்கினதை ஒற்றைக் கையால் சாய்ப்பாள். மூன்று வருஷமும் ஜனங்கள் ஃபிளாஸ்க்கை ருசிக்கவில்லை, அவளை ருசித்திருக்கிறார்கள். அவள் செய்த தப்பு அது, கண்டுபிடித்ததும் அவளே.

வேறொருத்தியாக இருந்தால் மூடி மறைத்திருப்பாள். இவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கடைசி அத்தியாயமாக எழுதினாள். முன்னால் சொன்னது பாதி, உண்மை இதோ பின்னால் இருக்கிறது, விற்கிற பொருளைவிட நீட்டுகிற கைதான் விற்கிறது என்று. எழுதி, தனக்கு வழிகாட்டியாக இருந்த முதல்பேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வச்சுட்டுப் போம்மா, குழந்தையைப் பெத்துட்டு வா, பேசலாம்" என்றார்.

பெற்றுவிட்டு வந்தபோது அது அவர் பெயரில் கட்டுரையாக வெளிநாட்டில் அச்சாகியிருந்தது. கடைசி அத்தியாயம் இல்லை. அவள் பெயர் இரண்டாவதாகக்கூட இல்லை. அடியில் சின்ன எழுத்தில், காபி ஊற்றி உதவிய மாணவிக்கு நன்றி என்று ஒரு வரி. அந்தக் கட்டுரையை அவர் என்னிடம் தட்டச்சுக்குத் தரவே இல்லை, வெளியில் கொடுத்து அடித்திருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஒரு சொலவடை உண்டல்லவா, அதைச் சட்டை போட்டுக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் துறைக்கு வர வேண்டும். அதற்கப்புறம் அவர் ஏறின விமானம் எத்தனை, போர்த்திக்கொண்ட பொன்னாடை எத்தனை! பாடப் புத்தகங்களில் இரட்டை ஃபிளாஸ்க் விதி என்று அவர் பெயரோடு வந்துவிட்டது. அதை வகுப்பில் நடத்த வேண்டிய வேலை இவளுக்கு.

"ஏன்டி சும்மா இருந்தே?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"யார்கிட்டக்கா சொல்றது? விரிவுரையாளர் வேலை குடுத்தவர் அவர். கைக்குழந்தை. இவருக்குப் பல்லு கட்டி வர்ற காசு பத்தாது. புகார் குடுத்தா விசாரிக்கிறவரும் அவர்தான்."

விரிவுரையாளராகச் சேர்ந்தவள் இணைப் பேராசிரியர் வரைக்கும் வந்தாள், அங்கேயே ஆணி அடித்த மாதிரி நின்றாள். பேராசிரியர் பதவி நேர்காணலுக்கு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் குழுத் தலைவர் முதல்பேர். இரண்டு முறையும் ஒரே காரணம்: "சொந்த ஆராய்ச்சி போதாது." குறிப்பெடுத்தவள் நான். அந்த வார்த்தையைச் சுருக்கெழுத்தில் எழுதியபோது என் கை கூசியது. அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் பேராசிரியர் ஆனார்கள். அதில் ஒருவன் சோப்பு விளம்பரத்தில் பூனை வந்தால் விற்குமா நாய் வந்தால் விற்குமா என்று எழுதினவன், முதல்பேரின் பெயரை முன்னால் போட்டு.

இப்போது மூன்றாவது நேர்காணல் வந்தது. இதை விட்டால் ஓய்வுபெறும்வரை இணைதான். அதே சமயம் முதல்பேரும் ஓய்வுபெறப்போகிறார், அதற்கு ஒரு பெரிய பாராட்டு விழா ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. வெயில் ஆளைக் கொல்லும் ஒரு மதியத்தில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அவர் சொல்லும் கடிதத்தை எழுதிக்கொள்ள அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"வாம்மா வா, உக்காரு. காபி சாப்பிடறியா?"

"வேணாம் சார். நான் காபியை விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"அட, ஃபிளாஸ்க் மேடமே காபி குடிக்கலேன்னா எப்படி?" தானே சொல்லித் தானே சிரித்தார். "விழாவுக்கு வெளிநாட்டிலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. என் விதியைப் பாடமா நடத்தறவங்க. மேடையிலேயே ஒரு தடவை செஞ்சு காட்டிடலாம்னு கமிட்டியில சொன்னாங்க. ரெண்டு ஃபிளாஸ்க், ஒரே காபி. நீ ஊத்திடு."

"நானா சார்?"

"வேற யாரு? போன வருஷம் வகுப்புல ஒரு பொண்ணை வச்சுக் காட்டினேன். சொதப்பிட்டா. பாதிப் பேர் ரெண்டும் ஒண்ணுன்னுட்டாங்க. உனக்குன்னு ஒரு கைராசி இருக்கும்மா. அது எல்லாருக்கும் வராது."

கைராசியாம்! ஆயுசு முழுக்க மார்க்கெட்டிங் பாடம் நடத்தின மனிதர் வாயில் வருகிற வார்த்தையா அது? என் பென்சில் முனை முறிந்தது. நான் குனிந்து தேடுகிற மாதிரிச் சிரிப்பை மறைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விழா முடிஞ்சு அடுத்த வாரமே உன் நேர்காணல் வருது" என்று அவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "நான் உக்கார்ற கடைசி கமிட்டி. உன் காரியத்தையும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும்னு எனக்கும் ஆசைதான். இணையாவே வீட்டுக்குப் போயிடக் கூடாது பாரு."

"சரி சார்" என்று எழுந்தாள்.

வெளியில் வந்து என் மேஜையில் இருந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். "இவ்வளவு வருஷம் கழிச்சு மறுபடியும் ஊத்தணுமாம்கா. மேடையில."

"தலையில ஊத்தறேன்னு சொல்லியிருக்கணும்" என்றேன்.

அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சண்டை. சுவர் மேஜையில் ஒரு மேல்வரிசைப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனி வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைக் கேட்டாள். நான் கீரை ஆய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஊத்திட்டு வந்துடும்மா" என்றாள் மகள். "கொஞ்ச நேர வேலை. அந்தாளு போகப்போறார். உனக்குப் பதவி வரும். அதுக்கப்புறம் அவர் யாரோ நீ யாரோ."

"உனக்கு ஈஸியா இருக்கு."

"ஈஸியா? நீ ராத்திரியில பல்லைக் கடிக்கறதை நான் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். அப்பா உனக்குன்னு பல்லுக்கு உறை செஞ்சு குடுத்தாரே, அது எதுக்கு? எனக்கு இது முடிஞ்சாப் போதும்மா."

"முடியாதுடி. நான் போய் அந்த மேடையில குனிஞ்சு ஊத்தினேன்னா, இது அவருதுன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி. அப்புறம் வர்ற பதவி பிச்சை."

"பிச்சையா இருந்தா என்ன? ரெண்டு தடவை எட்டி உதைச்சாரே, அப்போ ரோஷம் வரலையா?"

"இவகிட்ட அப்படிப் பேசாதே" என்றேன் நான்.

"பெரியம்மா, நீங்க சும்மா இருங்க. நீங்களும் அப்பாவும் இவளை ஏத்திவிட்டு ஏத்திவிட்டு..."

"நான் எங்கடி ஏத்திவிட்டேன்? உங்கப்பா வாயைத் திறந்து நீ பார்த்திருக்கியா?"

மேடம் சட்டென்று சத்தம் போட்டாள். "எனக்கு அவர் விழணும். கேட்டுக்கோங்க எல்லாரும். பதவி வேணும், வேணாம்னு சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி அவர் விழணும். அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சுப் பார்த்துட்டு, இது வந்தா நம்ம பேரு போச்சுன்னு தெரிஞ்சே வெட்டி எறிஞ்சவர் அவர். இன்னிக்குக் கைராசிங்கறார் பாரு, அதுவும் தெரிஞ்சுதான். நான் ஊத்தினாத்தான் வரும்னு இந்த வீட்டுக்கு வெளியில தெரிஞ்ச ஒரே ஆள் அவர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைச்சா எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

அரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"நான் ஊத்தறேன்" என்றார் சுவர்.

மூன்று பேரும் திரும்பினோம். அவர் பல்வரிசையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஊத்தினாத்தான் ஒண்ணுங்கறாங்களே. நான் வர்றேன்."

மேடம் அவரையே பார்த்தாள். முதலில் வாய் கோணியது, அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "போச்சு. பேராசிரியர் பதவி போயே போச்சு" என்றாள். ஆனால் அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தாள்.

விழாவன்று மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அரங்கத்து வாசலில் குடைகள் குவிந்து கிடந்தன. ஈரத் துணி வாசனையும் சந்தன மாலை வாசனையும் கலந்து எனக்குத் தலையை வலித்தது. மேடையில் முதல்பேர் நடுநாற்காலியில் இருந்தார். ஒரு பக்கம் துணைவேந்தர், மறுபக்கம் வெளிநாட்டுப் பேராசிரியை ஒருத்தி, அவளுக்கு அடுத்து அவளோடு வந்தவர். பேராசிரியை ஒல்லியாக, நரைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, யார் பேசினாலும் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தாள். பேச்சுகள் முடியவே மாட்டேன் என்றன. பூனை நாய்க்காரன் மட்டும் அவரை நாலு தடவை மகான் என்றான்.

அப்புறம் மேடம் ஒலிபெருக்கி முன்னால் வந்தாள். மேஜைமேல் ஒரு நசுங்கின எவர்சில்வர் ஃபிளாஸ்க், ஒரு தங்கக் கோடு. பேராசிரியை எழுந்து வந்து ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டும் நிரம்புவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டாள். குடித்துப் பார்க்கப்போகிறவர்கள் வெளியில் காத்திருந்தார்கள். பேருந்து ஓட்டுநர்கள், மாணவர்களைப் பார்க்க வந்த பெற்றோர்கள், விடுதியில் துணி வெளுப்பவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னிக்கு ஊத்தப்போறது நான் இல்லை" என்றாள் மேடம். "எங்க வீட்டுக்காரர். அவர் பல்லு கட்டறவர். மார்க்கெட்டிங் தெரியாது. அதனால யாரும் நாங்க ஏமாத்தறதா நினைக்க வேண்டாம்."

சபை சிரித்தது. பேராசிரியை தலையை ஆட்டிக் கைதட்டினாள். முதல்பேர் நாற்காலியில் நெளிந்தார். "நீயே ஊத்தேன்மா" என்று குனிந்து சொன்னது முதல் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. மேடம் கேட்காத மாதிரி நகர்ந்துகொண்டாள். சுவர் புதுச்சட்டையோடு வந்து நின்றார்.

முதலில் ஒரு ஓட்டுநர் வந்தார். சுவர் இரண்டு டம்ளரிலும் ஊற்றினார், நீட்டினார், பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் இதைக் குடித்தார், அதைக் குடித்தார், மறுபடி இதைக் குடித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்? எதுக்கு ரெண்டு டம்ளர்?" என்றார். சபையில் ஒரு கிசுகிசுப்பு. அடுத்து ஒரு அம்மா வந்தாள். "வித்தியாசம் தெரியலையே, என் நாக்குக்கு வயசாயிடுச்சோ என்னவோ" என்றாள். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். அடுத்தடுத்து வந்தவர்களும். நடுவில் ஒரே ஒருவர் தங்கக் கோட்டைக் காட்டினார், இன்னொருவர் நசுங்கினதைக் காட்டினார். பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு முதல்பேரைத் திரும்பிப் பார்த்தாள். துணைவேந்தர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

முதல்பேர் எழுந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். நெற்றி வேர்த்திருந்தது. "ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார். "ஊத்தற முறை சரியில்லை."

பேராசிரியை உட்கார்ந்தபடியே கேட்டாள். உங்கள் கட்டுரையில் ஊற்றுகிற முறை என்று எதுவுமே இல்லையே, ஃபிளாஸ்க் மட்டும் போதும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், அப்போது நீங்கள் எப்படி ஊற்றினீர்கள்?

அவர் எங்கே சொல்வார்? ஒரு தடவைகூட ஊற்றியிருந்தால் அல்லவா சொல்ல? சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"நான் ஊத்தலை!" என்றார். குரல் கிறீச்சிட்டது. "நான் எங்கேயும் போகலை. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் அலைஞ்சது இவ. கேட்டது இவ. எழுதினதும் இவதான். தப்பு இருந்தா அது இவளுது. இது இவ ஆராய்ச்சி, என்னுது இல்லை!"

அவர் என்ன சொன்னோம் என்று உணர்வதற்குள் மேடம் பக்கத்தில் வந்து ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"சார் சொன்னதை எல்லாரும் கேட்டீங்க இல்லையா?" என்றாள். "ஆமா. என்னுதுதான். தப்பும் என்னுதுதான், அதை அப்பவே கண்டுபிடிச்சேன். மீதியைக் காட்டறேன், உக்காருங்க."

வெளியிலிருந்து இன்னும் சில பேரை வரச்சொன்னாள். சுவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே நின்றாள். இந்த முறை தங்கக் கோட்டை ஒற்றைக் கையால் சாய்த்து ஊற்றிக் கொடுத்தாள். நசுங்கின எவர்சில்வரை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, ஊற்றி, "எப்படி இருக்கு?" என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாள். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நசுங்கினதையே காட்டினார்கள். "இதுல மணமே வேற" என்றார் ஒரு சலவைக்காரர். "அந்தப் பளபளப்புல என்ன இருக்கு?"

பேராசிரியை எழுந்து நின்று கைதட்டினாள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், பூனை நாய்க்காரன் உட்பட. முதல்பேர் கழுத்தில் மாலையோடு அப்படியே நின்றார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.

அடுத்த வாரம் நேர்காணல். குழுத் தலைவரை அந்த நேரத்தில் மாற்ற விதியில் இடமில்லை, அவரே வந்து உட்கார்ந்தார். வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்கள் அவருக்கு இரண்டு பக்கம். மூலையில் நான் குறிப்பேடும் பென்சிலுமாக. சொந்த ஆராய்ச்சி போதாது என்று இந்த முறை எந்த வாயால் சொல்வார்? ஊரே கேட்டிருக்கிறதே. அவர் மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் வந்து உட்கார்ந்தாள். உறுப்பினர்களில் மூத்தவர், "உங்க ஆராய்ச்சியைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"சாரே சொல்லட்டுமே" என்றாள் அவள். "இதைப் பத்தி உலகம் பூரா பேசினவர் அவர்தான். நல்லாச் சொல்வார்."

மூத்தவர் முதல்பேரைத் திரும்பிப் பார்த்தார். மறுக்க முடியுமா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இவங்க ரெண்டு ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டு, இவங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, இவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் இவங்க, இவங்க. மேடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ரயில் டிக்கெட் வரிசையை விட்டுவிட்டார், அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் திருத்திச் சொன்னார். இவ்வளவு ருசியான காட்சியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

"அவ்வளவுதான்" என்று முடித்தார்.

"கடைசி அத்தியாயம் சார்" என்றாள் மேடம். "அதையும் சொல்லுங்க. அதை ஏன் எடுத்துட்டீங்கன்னும் சொல்லுங்க."

அவர் மூத்த உறுப்பினர் பக்கம் பார்த்தார்.

"படிச்சுட்டுத்தானே எடுத்தீங்க? எந்த இடம் உங்களுக்கு ஆபத்தாப் பட்டுது?"

"அது..." என்றார். கையால் மேஜைக் கண்ணாடியைத் தடவினார். "அது நான் படிக்கலை."

"என்ன சார்?"

"படிக்கலைம்மா. நீளமா இருந்தது. முன்னாடி இருந்ததே போதும்னு தோணிச்சு. கட்டு கட்டா வரும், எல்லாத்தையும் யாரு படிக்கறது?"

மேடத்தின் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன். விழாவில் ஜெயித்தவள், இவ்வளவு நேரம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவரைக் கெட்டிக்காரத் திருடன் என்றல்லவா நினைத்திருந்தாள். படித்து, புரிந்து, பயந்து வெட்டினவர் என்று. உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது அதைப் படித்திருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நிச்சயம் இருந்தது. அதுவும் இல்லையாம். எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போடலாம் போல வந்தது.

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். "அக்கா, சார் கடைசியாச் சொன்னதை அப்படியே குறிப்புல எழுதிக்கோங்க. ஒரு வார்த்தை விடாம."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் முதல்பேர்.

"எழுதட்டும்" என்றார் மூத்த உறுப்பினர்.

எழுதினேன். பதவி அவளுக்கே என்று குழு ஒரே மனதாகச் சொன்னதையும் எழுதினேன். பக்கத்து அறைக்குப் போய் எல்லாவற்றையும் பிசகில்லாமல் தட்டச்சு செய்து கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்தேன். கீழே அவர் பெயர், முதலாவதாக. அவர் பேனாவைத் திறந்து, வழக்கம்போலத் தாளைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடப்போனார்.

நான் தாளின்மேல் கையை வைத்தேன்.

"இதையாவது படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றேன்.

அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.